பென்சிலில் எழுதிய கட்சி

— இல்ல புரொபசர், நான் சாப்பிட வரலை. ஒரே ஒரு நம்பர் விஷயமா லூப்லியானாவுலேர்ந்து வந்திருக்கேன். ஞாயித்துக்கிழமையில மாரிபோருக்கு ரயில் எந்த அழகுல ஓடும்னு உங்களுக்கே தெரியும்.

— நம்பர் எங்கயும் ஓடிடாது, நேஜா. சூப்புதான் ஆறிடும். ஸ்லாவ்கா, இவளுக்கும் ஒரு தட்டு வை.

— தட்டு அப்பவே வச்சாச்சு. ஏம்மா, முதல்ல அந்த வீட்டுச் செருப்பை மாட்டிக்கோ, தரை ஜில்லுன்னு கிடக்கு. நீலம் விருந்தாளிங்களுக்கு. ராய்கோ, நீ கொஞ்சம் நகரு, அவ உட்காரட்டும்.

— ரொம்ப நன்றிங்க. புரொபசர், மணி ஒண்ணரை. சாயங்காலம் ஆறு மணிக்கு சர்வேயைப் பூட்டிடுவாங்க. அதுவரைக்கும் அஞ்சு நிபுணர்ல யார் வேணும்னாலும் உள்ள போய்த் திருத்தலாம். ஆறு அடிச்சா ஒரு புள்ளியைக்கூடத் தொட முடியாது.

— நூடுல்ஸ் நிறையப் போட்டுக்கோ.

— ‘மண்ணும் வீடும்’ கட்சிக்கு நீங்க ஒன்பது போட்டிருக்கீங்க.

— போட்டிருப்பேன்.

— மத்த நாலு பேரும் மூணு போட்டிருக்காங்க. சைபர்னா இடது கோடி, பத்துன்னா வலது கோடி. நாலு பேர் கண்ணுக்கு அந்தக் கட்சி இந்தப் பக்கம் நிக்குது, உங்க கண்ணுக்கு மட்டும் அந்தப் பக்கம் நிக்குது. மூணு நாளா யோசிக்கறேன், எனக்குத் தலையும் புரியலை வாலும் புரியலை.

— கொஞ்சம் பொறு. மத்தவங்க போட்டதை என்கிட்டச் சொல்லலாமா நீ? நம்ம நாட்டுக்கு ஒருங்கிணைப்பாளர் நீதானே? விதி என்ன சொல்லுது?

— ஒருத்தர் பதிலை இன்னொருத்தருக்குத் தெரியப்படுத்தக் கூடாதுன்னு சொல்லுது.

— தெரியப்படுத்திட்டே.

— தெரியப்படுத்திட்டேன். வேற வழி தோணலை.

— ஏம்மா, நடுவுல நான் ஒண்ணு கேட்டுக்கறேன். இது என்ன சமாச்சாரம்? நாலு வருஷத்துக்கு ஒருதரம் வருது. இந்த மனுஷன் எழுதித் தருவார், கம்ப்யூட்டர்ல நான் டைப் அடிப்பேன், பட்டனை அமுக்குவேன். எதுக்குன்னு மட்டும் யாரும் சொன்னதில்லை. நகராட்சி ஆபீஸ்ல இருபத்தெட்டு வருஷமும் அப்படித்தான் ஓட்டினேன், அது வேற.

— ஐரோப்பா பூராவும் இருக்கற கட்சிகளை ஒரே அளவுகோல்ல நிறுத்திப் பார்க்கறதுங்க. நம்ம ஊர்க் கட்சியும் போர்ச்சுகல் கட்சியும் பக்கத்துல பக்கத்துல நின்னா எது எவ்வளவு இடது, எது எவ்வளவு வலதுன்னு தெரியணும். அதுக்கு அந்தந்த நாட்டு நிபுணர்களைக் கேட்டு, வர்ற நம்பரைச் சராசரி எடுப்பாங்க.

— கட்சிக்காரங்களையே கேட்டா என்ன?

— எல்லாரும் நாங்க நடுவுலதான் இருக்கோம்னு சொல்வாங்க.

— இந்த மனுஷனும் அப்படித்தான். சண்டையில எங்கம்மா பக்கமா, உங்கம்மா பக்கமான்னு கேட்டா நடுவுலம்பார்.

— ஸ்லாவ்கா, உருளைக்கிழங்கை எடுத்துட்டு வா.

— எடுத்துட்டு வரேன். டைப் அடிச்சதுல ஏதாவது தப்பா போச்சா, ஏம்மா? காகிதத்துல என்ன இருந்துச்சோ அதைத்தான் அடிச்சேன். காகிதத்துல இல்லாத ஒண்ணை என்னிக்கும் அடிக்க மாட்டேன், அது என் பழக்கம்.

— அந்தக் காகிதம் இருக்குங்களா?

— எங்கயாவது இருக்கும். காகிதத்தை நான் தூக்கிப் போடறதே இல்லை.

— காகிதம் எதுக்கு நேஜா? எல்லாம் மண்டையில இருக்கு. விஷயம் என்னன்னா, நான் எப்பவும் பென்சில்லதான் எழுதுவேன். நிதானமா, ஒரு வாரம் யோசிச்சு. பேனாவுல எழுதறவன் கர்வி. ஒன்பதுன்னு எழுதியிருந்தா அது ஒன்பதுதான்.

— ‘இடம்’னு இருக்கற நம்பர் பக்கத்துல ‘நிச்சயம்’னு ரெண்டாவது பெட்டி ஒண்ணு இருக்கே, இந்தப் பதில்ல உங்களுக்கு எவ்வளவு நிச்சயம்னு? அதுல நீங்க பத்துக்கு மூணுதான் போட்டிருக்கீங்க. அவ்வளவு நிச்சயமில்லாத ஒரு ஒன்பதுக்காக நாடே மாட்டிக்கிட்டு நிக்குது.

— அது அடக்கம்.

— அடக்கமா?

— எல்லாம் தெரிஞ்சவன் பத்து போடுவானா? எனக்குத் தெரிஞ்சதுக்கு மூணு போட்டா போதும். சரி, நாடு எங்க மாட்டிக்கிச்சு?

— உங்க பதிலை அப்படியே விட்டா, அந்தக் கட்சிக்கு நேரா ஒரு நட்சத்திரம் போட்டு, நிபுணர்களுக்குள்ள உடன்பாடில்லைன்னு அடியில எழுதிடுவாங்க. தூக்கிட்டா நாலு பேர்தான் மிச்சம். குறைஞ்சது அஞ்சு பேர் வேணும். அட்டவணையில நம்ம நாட்டு வரியே காலியாயிடும். மால்டாகூட இருக்கும், நாம இருக்க மாட்டோம்.

— அதுக்காக நீ ஞாயித்துக்கிழமை சூப்பு நேரத்துல ஓடி வர மாட்டியே. உன் முகத்துல வேற ஏதோ எழுதியிருக்கு.

— நாளைக்குப் பத்து மணிக்கு எங்க ஃபேகல்டியில ஓட்டு நடக்குது, புரொபசர். என்னை நிரந்தரமா வச்சுக்கறதா, வீட்டுக்கு அனுப்பறதான்னு. அதுக்கு நான் கொடுத்திருக்கறது ஒரே ஒரு புத்தகம். இந்தக் கட்சியைப் பத்தினது. ஆறு வருஷ வேலை. எங்க பார்த்தாலும் விவசாயிங்க கட்சி வலதுபக்கம் நிக்கும்போது இது ஒண்ணு மட்டும் ஏன் இடதுபக்கம் நிக்குதுங்கறதுதான் மொத்தப் புத்தகமும். போன தடவை சர்வேயில வந்த அந்த மூணு மேலதான் நிக்குது. நட்சத்திரம் விழுந்தா முதல்ல அதைத்தான் காட்டுவாங்க.

— அப்ப என் நம்பரை மாத்தச் சொல்லி வந்திருக்கே.

— இல்லை. பார்க்கச் சொல்லி வந்திருக்கேன். பார்த்தா மாத்துவீங்கன்னு நம்பி வந்திருக்கேன்.

— நல்லா யோசிச்சுச் சொல்லு. அந்தக் கட்சித் தலைவர் போன மாசம் பிதூய் கூட்டத்துல என்ன பேசினார்?

— பென்ஷனை ஏத்தணும்னார்.

— எங்க நின்னு பேசினார்?

— டிராக்டர் மேல நின்னு.

— யாரோட டிராக்டர்?

— டிராக்டர் யாருதுன்னு கேள்வித்தாள்ல இல்லையே புரொபசர்.

— அதுதான் உங்க கேள்வித்தாள்ல இருக்கற கோளாறு. அது நூத்தி எண்பது ஹெக்டேர் நிலம் வச்சிருக்கறவனோட டிராக்டர்.

— காட்டைத் தனியாருக்கு விக்கக் கூடாதுன்னு அவங்கதானே ஊர் ஊரா கையெழுத்து வாங்கினாங்க?

— வெளிநாட்டான் வாங்கக் கூடாதுன்னு வாங்கினாங்க. உள்ளூர்ப் பணக்காரன் வாங்கினா அவங்களுக்கு வாயெல்லாம் பல்லு.

— ஆஸ்பத்திரி இலவசமா இருக்கணும்னு சொல்றாங்க.

— வரியையும் குறைக்கணும்னு சொல்றாங்க. ரெண்டையும் சேர்த்துப் பாரு.

— சேர்த்தா அஞ்சு வருது.

— சேர்த்தா குழப்பம் வருது. குழப்பம் கடைசியில வலதுபக்கம்தான் போய் விழும்.

— இது எந்தப் புத்தகத்துல இருக்கு?

— என் புத்தகத்துல.

— ஏம்மா, உன் ஃபோன் அதிருது பாரு. தட்டோட சேர்ந்து ஸ்பூனும் ஆடுது.

— விடுங்க. அது... புரொபசர், கோவிச்சுக்காதீங்க. ஜிதானி மோஸ்ட்ல வண்டி மாறி உட்கார்ந்தப்ப மத்த நாலு பேருக்கும் ஒரு கடிதம் போட்டேன். புரொபசர் மிலாகர் ஒன்பது போட்டிருக்கார், உங்க மூணை ஒருதரம் சரிபார்த்துச் சொல்லுங்கன்னு.

— என் பேரைப் போட்டா?

— போட்டேன். மூணுதான், அதுல சந்தேகமே இல்லைன்னு நாலு பேரும் எழுதுவாங்க, அதைக் கொண்டுவந்து உங்களுக்குக் காட்டலாம்னு நினைச்சேன்.

— நாலு பேர்ல மூணு பேர் என்கிட்டப் படிச்சவங்க. நாலாவது ஆள் என் புத்தகத்தை வச்சுப் பாடம் நடத்தறவன்.

— அதனாலதான் மூணுன்னு துணிஞ்சு சொல்வாங்கன்னு நம்பினேன்.

— ஃபோனைக் கவுத்து வை. இந்தா, மேல இந்தத் துணியைப் போட்டு மூடு. மத்தவன் என்ன சொல்றான்னு எட்டிப் பார்த்து நம்பர் போடறவன் நிபுணனே இல்லை. நாற்பது வருஷமா நான் அதைச் செஞ்சதில்லை, இன்னிக்கும் செய்ய மாட்டேன்.

— சரி. மூடிட்டேன்.

— சாலட் எடுத்துக்கோம்மா. பூசணிவிதை எண்ணெய் பார்த்து, சட்டையில பட்டா போகவே போகாது. எனக்கு அரசியல் தெரியாது, ஆனா என் தம்பி மிர்கோ அந்தக் கட்சிக்குத்தான் ஓட்டுப் போடறான்.

— ஏன்னு சொன்னாராங்க?

— வீட்டு முன்னாடி ரோடு போட்டுக் கொடுத்தாங்களாம்.

— அது எந்தப் பக்கம் சேரும் புரொபசர், ரோடு?

— எந்தப் பக்கமும் சேராது. நேரா அவன் வீட்டுக்குப் போகுது. ஆனா ஸ்லாவ்கா, மிர்கோ அதுக்கு முன்னாடி யாருக்குப் போட்டுக்கிட்டிருந்தான்?

— பழைய கம்யூனிஸ்ட் ஆளுங்களுக்கு. அதுக்கு முன்னாடி பாதிரியார் காட்டின ஆளுக்கு.

— பார்த்தியா நேஜா?

— என்னத்தைப் பார்க்கறது? எனக்கு இன்னும் குழம்புது.

— விஷயம் என்னன்னா, ஓட்டுப் போடறவங்க இடதுலேர்ந்து வந்தாங்க, நம்ம நிபுணருங்க எல்லாரும் அதைப் பார்த்துக் கட்சியும் இடதுன்னு எழுதிட்டாங்க. வந்தவன் எங்கேர்ந்து வந்தான்னு பார்க்கறதா, எங்க போறான்னு பார்க்கறதா? எல்லையில வேலி போடணும்னு பார்லிமென்ட்ல ஓட்டெடுப்பு வந்தப்ப இவங்க எங்க இருந்தாங்க?

— ஓட்டுப் போடாம வெளிய போனாங்க.

— எந்தக் கதவு வழியா?

— புரொபசர், போதும்.

— சும்மா சொன்னேன். ஆனா வெளிய போய் வேலி கேட்ட கட்சிக்காரங்களோட காபி குடிச்சதுக்குப் பேப்பர்ல படம் வந்துச்சு. உனக்கே தெரியும்.

— தெரியும். புத்தகத்துல மூணாவது அத்தியாயத்துல அடிக்குறிப்புல போட்டிருக்கேன்.

— ஏன் அடிக்குறிப்புல போட்டே? ஏன் மேல போடலை?

— மேல போட்டா புத்தகம் நிக்காது.

— இப்ப நீயே சொல்லிட்டே.

— சொல்லிட்டேன், இல்ல? அய்யோ. மணி அஞ்சாயிடுச்சு. அப்ப ஒன்பதுதானா? ஆறு வருஷமா நான் பார்த்துக்கிட்டிருந்தது வேற ஏதோவா? ஒவ்வொரு மாநாட்டுலயும் நின்னு மூணு மூணுன்னு பேசினேனே. யாருமே ஏன் ஒண்ணும் கேட்கலை?

— எல்லாரும் போன தடவை நம்பரைப் பார்த்துத்தான் இந்தத் தடவையும் போடறாங்க. உனக்கு இது புதுசா?

— புதுசில்லை. ஆனா எனக்கு நடக்கும்னு நினைக்கலை. எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு, புரொபசர். உங்க மேல கோவம் இல்லை. நீங்க சொல்றது சரிதான்னு படுது, அதான் இன்னும் கஷ்டமா இருக்கு. ஒன்பது அப்படியே இருக்கட்டும். நாளைக்கு ஓட்டுக்கு முன்னாடி டீன்கிட்டப் போய், புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கறேன்னு சொல்லிடறேன்.

— அவசரப்படாதே.

— இல்லை. தப்புன்னு தெரிஞ்ச பிறகு அதை வச்சு வேலை வாங்கிக்க எனக்கு மனசு வரலை. அஞ்சரை வண்டியைப் பிடிச்சா ராத்திரிக்குள்ள வீடு போய்ச் சேர்ந்துடலாம்.

— இப்படி அழுதுக்கிட்டே போகாதே. காபி கொதிக்குது, பொத்தித்சா கேக் வெட்டி வச்சிருக்கேன், ரெண்டு துண்டு தின்னுட்டுப் போ. ராய்கோ, ஒரு பொண்ணைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு அவ பொழைப்பைக் கெடுத்துட்டியே.

— நான் கூப்பிடலை. அவளா வந்தா. உண்மை என்னவோ அதைச் சொன்னேன்.

— ரொம்ப நல்லா இருக்குங்க இது. எங்கம்மா செஞ்சா உள்ள வால்நட் எல்லாம் ஒரு பக்கமா ஒதுங்கிக்கும்.

— கொஞ்சமா போட்டிருப்பாங்க. நான் தாராளமா போடுவேன். நாற்பத்தஞ்சு டெகாகிராமா, ஐம்பதா? இரு, ஃபிரிட்ஜ் மேல காந்தத்துல மாட்டி வச்சிருக்கேன், எடுத்துட்டு வந்து காட்டறேன். எழுதிக்கிட்டுப் போ, மனசு ஆறும். இதோ. நாற்பத்தஞ்சு. தேன் ரெண்டு கரண்டி.

— ஒரு நிமிஷம். பின்னாடி என்னங்க இது? கட்சிப் பேரெல்லாம் வரிசையா இருக்கு.

— அதான் அந்தக் காகிதம். நான்தான் சொன்னேனே, தூக்கிப் போட மாட்டேன்னு. ஒரு பக்கம் சுத்தமா இருந்துச்சு, வால்நட் கணக்கு எழுதிக்கிட்டேன்.

— புரொபசர், இதுல ‘மண்ணும் வீடும்’ வரிசையிலயே இல்லையே.

— எங்க பிரின்டர் கடைசி வரியை முழுங்கிடும். அதான் ஓரத்துல கையால எழுதினேன். கொண்டா, கண்ணாடி எங்க?

— நான் படிக்கறேன். உங்க கையெழுத்துதான். ‘மண்ணும் வீடும். நிச்சயம் ஒன்பது. இடம் மூணு.’

— திரும்பப் படி.

— நிச்சயம் ஒன்பது. இடம் மூணு.

— ராய்கோ, நான் எழுதியிருந்த வரிசையிலதான் அடிச்சேன். முதல் பெட்டியில ஒன்பது, ரெண்டாவது பெட்டியில மூணு. முதல்ல எழுதினதை முதல்ல அடிக்காம வேற என்ன பண்றது? மத்த கட்சிக்கெல்லாம் அச்சுல இடம்னு முதல்ல போட்டிருந்தான். இதுக்கு நீ தலைகீழா எழுதி வச்சிருக்கே.

— தலைகீழா எழுதலை. இந்த ஒரு கட்சியைப் பத்தித்தான் எனக்கு அவ்வளவு நிச்சயம். அதான் அதை முதல்ல எழுதியிருக்கேன்.

— எது நிச்சயம் புரொபசர்?

— மூணுங்கறது.

— அப்ப அடக்கம்னு சொன்னது?

— அது... அந்த நேரத்துல அடக்கம் மாதிரிதான் இருந்துச்சு.

— அப்ப எதுக்கு மூணரை மணி நேரமா ஒன்பது ஒன்பதுன்னு இந்தப் பொண்ணுகிட்டத் தொண்டை கிழியக் கத்தினே? டிராக்டர், கதவு, என் தம்பின்னு ஒருத்தரையும் விடலை.

— நான் ஒன்பது போட்டிருக்கேன்னு அவதான் வந்து சொன்னா, ஸ்லாவ்கா. நான் போட்டிருக்கேன்னா காரணம் இருக்கும்ல. அந்தக் காரணத்தை எடுத்துச் சொன்னேன்.

— நானும் நம்பிட்டேன். புரொபசர், நீங்க ஒருவேளை இப்ப நிஜமாவே ஒன்பதுன்னு நினைக்கறீங்களா?

— இல்லை. ஒரு வாரம் உட்கார்ந்து யோசிச்சு எழுதினது இது. மதியச் சாப்பாட்டு வாதத்தையும் இதையும் ஒண்ணா வைக்கக் கூடாது. மூணுதான். டிராக்டரை வாடகைக்கு எடுத்திருப்பான். ஸ்லாவ்கா, கம்ப்யூட்டரைத் திற.

— திறக்கறதுக்கே கால் மணி நேரம் ஆகும், கிழட்டுக் கம்ப்யூட்டர். காகிதத்தை இங்க வை, கண்ணு முன்னாடி. ஏம்மா, நீ வண்டியை விட்டுட்டியே.

— போகட்டுங்க. வேற வண்டி வரும்.

— கடவுச்சொல் என் பேரு. இதோ வந்துடுச்சு. இடம், மூணு. நிச்சயம், ஒன்பது. அமுக்கட்டுமா?

— அமுக்கு.

— அமுக்கியாச்சு.

— அஞ்சு அம்பத்திரண்டு. அஞ்சு பேரும் மூணு. நட்சத்திரம் இல்லை. அய்யோ, நான் பிழைச்சேன். கொஞ்சம் அழுதுக்கறேன், தப்பா நினைக்காதீங்க.

— அழு, அழு. வைன் ஊத்தறேன். அப்படியே அந்தத் துணியை எடுத்து ஃபோனைப் பாரு. சாயங்காலம் பூரா அடியில வண்டு மாதிரி கத்திக்கிட்டே இருந்துச்சு.

— பார்க்கலாமா புரொபசர்?

— இப்ப தாராளமா பாரு. நான் என்னுதை அனுப்பிட்டேன். சத்தமாவே படி.

— கோபர்லேர்ந்து டியானா. ‘தெரியப்படுத்தியதற்கு நன்றி. புரொபசர் மிலாகரே அப்படிச் சொன்னால் நான் எதையோ பார்க்கத் தவறியிருக்கிறேன். உள்ளே போய்த் திருத்திவிட்டேன்.’

— என்னன்னு திருத்தினா?

— ஒன்பதுன்னு.

— அவ எப்பவுமே பயந்தவ. அடுத்தது?

— க்ரான்யிலேர்ந்து ஒருத்தர். ‘எனக்கும் ரொம்ப நாளா ஒன்பது என்றுதான் தோன்றிக்கொண்டிருந்தது, தனியாகச் சொல்லத் தயக்கமாக இருந்தது. மாற்றிவிட்டேன்.’

— மூணாவது?

— ஒன்பது. காரணம் நீளமா எழுதியிருக்கார். அதுல டிராக்டரும் வருது. நாலாவது ஆள் வெறும் ஒன்பதுன்னு நம்பர் மட்டும் அனுப்பியிருக்கார்.

— எனக்கு ஒண்ணும் புரியலைம்மா. அப்ப இப்ப யாரு சரி?

— நாலு ஒன்பது, ஒரு மூணுங்க. மறுபடியும் இவர் ஒருத்தர்தான் தனியா நிக்கறார். இருங்க, கூப்பிட்டுச் சொல்லிடறேன். எடுடி டியானா, எடு. எடுக்கலை. இவரும் எடுக்கலை. ஞாயித்துக்கிழமை யாரு எடுப்பா? மணி அஞ்சு அம்பத்தாறு.

— நாலு பேருமா, நேஜா?

— நாலு பேரும்.

— படிச்சவங்க. தனித்தனி ஊர்ல உட்கார்ந்து, ஒருத்தரை ஒருத்தர் கேட்காம, நாலு பேரும் ஒரே இடத்துக்கு வந்திருக்காங்க.

— உங்களைக் கேட்டு வந்திருக்காங்க, புரொபசர். உங்க பேரைக் கேட்டு வந்திருக்காங்க. நீங்க மூணு. நிச்சயம் ஒன்பதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இங்க பாருங்க, உங்க கையாலயே, பென்சில்ல.

— பென்சில்லதானே எழுதியிருக்கேன். ஸ்லாவ்கா, அந்த ரப்பரை எங்க வச்சே?